சின்ன ஹோட்டலுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி? வெள்ளம் வடிந்த பிறகு நான் கற்றுக்கொண்டது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணித் தண்ணீர் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏறியபோது, 36 பேர் உட்கார்ந்து சாப்பிடும் என் ஹோட்டலுக்குள் இடுப்பளவுக்கு நின்றது. வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினால் ஃப்ரீசர் மல்லாந்து கிடக்கிறது, கிரைண்டருக்குள் மாவுக்குப் பதில் சேறு. அப்போதும் நான் பெரிதாகக் கலங்கவில்லை. "இன்சூரன்ஸ் இருக்குல்லா, பாத்துக்கலாம்" என்று மாஸ்டரிடம் தைரியமாகச் சொன்னேன்.

நஷ்டம் ஆறரை லட்சம். நாலரை மாதம் கழித்துக் கிடைத்தது 2 லட்சத்து 40 ஆயிரம். அதுவும் என் கைக்கு வரவில்லை, கடன் கணக்குக்குப் போய்விட்டது.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. பாலிசியில் எழுதியிருந்தபடிதான் கொடுத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் படிக்கவில்லை. புதிதாக ஹோட்டல், மெஸ், டிபன் சென்டர் தொடங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காக, பிறகு நான் புதிதாக எடுத்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில், வாடகைக் கட்டடத்தில், பத்து பேருக்குள் வைத்து நடத்தும் கடையை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. ஏற்கெனவே என்ன பாலிசி இருக்கிறது?

முத்ராவோ வேறு தொழில் கடனோ வாங்கியிருந்தால், உங்களைக் கேட்காமலேயே வங்கி ஒரு பாலிசி எடுத்திருக்கும். வருடா வருடம் கணக்கிலிருந்து பிரீமியம் கழியும். பாஸ்புக்கில் அந்த வரியைப் பார்த்து "நமக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வோம். அந்த பாலிசியின் வேலை வங்கியின் கடனைக் காப்பாற்றுவது. உங்கள் கடையைக் காப்பாற்றுவது அல்ல.

என் கணக்கையே பாருங்கள். வங்கி பாலிசியில் இருந்தவை இரண்டே இனங்கள்: மெஷின்களுக்கு 5 லட்சம், சரக்குக்கு 1 லட்சம். மேஜை நாற்காலி, டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், வயரிங், போர்டு எதுவும் இல்லை. அவற்றில் மட்டும் எனக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் நஷ்டம், அது முழுக்கப் போச்சு. மெஷின்களில் நஷ்டம் 3 லட்சத்து 20 ஆயிரம். ஆனால் கடையில் இருந்த மெஷின்களின் மொத்த மதிப்பு 8 லட்சம், காப்பீடு 5 லட்சம்தான். எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வெட்டி 2 லட்சம் கொடுத்தார்கள். சரக்கில் 70 ஆயிரம் நஷ்டம். அதில் 25 ஆயிரத்துக்கான கறியும் மீனும் தண்ணீர் பட்டுக் கெடவில்லை, கரன்ட் இல்லாமல் கெட்டது. அதற்கு இந்த பாலிசியில் இடமில்லை என்று கழித்துவிட்டார்கள். கடைசியாக, பாலிசிதாரர் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை 5,000.

பணம் ஏன் வங்கிக்குப் போனது? பாலிசியில் 'பேங்க் கிளாஸ்' என்று ஒரு வரி இருக்கும். அது இருந்தால் இழப்பீடு முதலில் வங்கிக்குத்தான். கடன் இருக்கும்வரை அந்த வரியை எடுக்கச் சொல்ல முடியாது. ஆனால் வங்கி எடுக்கும் பாலிசிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்களே முழுமையான பாலிசி எடுத்து, அதில் வங்கியின் பெயரைச் சேர்த்து நகலைக் கொடுத்து, பழையதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஒரே பொருளுக்கு இரண்டு பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பாலிசி இருந்தாலும் இழப்பீடு இரண்டு மடங்கு வராது.

இன்றைக்கே வங்கிக்குப் போய் பாலிசி நகலை வாங்குங்கள். கடை முகவரி சரியா, தொழில் என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'கடை' என்றோ 'குடோன்' என்றோ பொதுவாகப் போட்டிருந்தால் அதைத் திருத்தியாக வேண்டும். அடுப்பு எரியும் இடத்துக்கும் துணிக்கடைக்கும் ஒரே பிரீமியம் கிடையாது. தொழிலைத் தவறாகச் சொன்னதாக ஆகிவிட்டால் கிளைமே ஆட்டம் காணும்.

2. கடையில் இருப்பதற்கெல்லாம் விலை போடுங்கள்

இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமானது. ஏஜென்ட் இதைச் செய்து தரமாட்டார். "எவ்வளவுக்குப் போடலாம் சார், பத்து போதுமா?" என்று கேட்பார். நீங்களும் பத்து என்பீர்கள். அங்கேதான் கதை கெடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்து போங்கள். நான் நான்கு தலைப்பில் எழுதினேன்:

சமையலறைச் சாமான்: பர்னர் அடுப்பு, தோசைக்கல், இட்லிக் கொப்பரை, கிரைண்டர், மிக்ஸி, ஃப்ரீசர், புகைபோக்கி, எக்ஸாஸ்ட், காபி பாய்லர்.

ஹால்: மேஜை, நாற்காலி, ஏசி, ஃபேன், கை கழுவும் இடம், கண்ணாடி, கேமரா, பில் போடும் கம்ப்யூட்டர், பெயர்ப்பலகை.

நான் செலவழித்துச் செய்த கட்டட வேலை: டைல்ஸ், சீலிங், வயரிங், பிளம்பிங், பெயின்ட்.

சரக்கு: வருடத்திலேயே அதிகம் இருக்கும் நாளின் மதிப்பு. எனக்கு அது தீபாவளிக்கு முந்தைய வாரம்.

வாங்கிய விலையை எழுதாதீர்கள். இன்றைக்கு அதே பொருளைப் புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதை எழுதுங்கள். குறைத்துப் போட்டால் விகிதாசாரமாக வெட்டுவார்கள், என் மெஷின்களுக்கு நடந்ததுபோல. இப்போதுள்ள சிறுதொழில் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் அதைக் கண்டுகொள்ளமாட்டார்கள். எனக்குக் குறைந்திருந்தது 37 சதவீதத்துக்கும் மேல்.

இன்னொன்று. புதுப்பொருள் விலை பேசி பாலிசி எடுத்திருந்தாலும், நஷ்டத்துக்குப் பிறகு நீங்கள் உண்மையில் புதிதாக வாங்கி பில் காட்டினால்தான் அந்த விலை. வாங்காமல் பணமாக வேண்டும் என்றால் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள்.

பில்களைப் பற்றி ஒரு வார்த்தை. என்னுடையவை கல்லா மேஜையின் கீழ் இழுப்பறையில் இருந்தன. ஊறி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. என் மனைவி ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு பேப்பருக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தினாள். சாதாரணத் தாளில் இருந்தவை பிழைத்தன. மெஷினில் வரும் வழவழப்பான பில்கள் சூடு பட்டதும் முழுக்கக் கறுத்துவிட்டன. நஷ்டத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயரிடம் அந்தக் கறுப்புத் தாளை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது எந்தச் சாமான் வாங்கினாலும், சாமானோடு சேர்த்து பில்லை ஒரு போட்டோ, பிறகு அது மெயிலுக்குப் போய்விடும்.

3. அடித்தளம்: தீ பாலிசி

பெயர்தான் தீ. வெள்ளம், புயல், மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இதில்தான் வரும். 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரியான வாசகம் கொண்ட பாலிசியைக் கொண்டுவந்தது. ஒரே இடத்தில் சொத்து மதிப்பு 5 கோடிக்குள் இருந்தால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. நமக்கு முதலாவதுதான். எந்த நிறுவனத்தில் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அடிப்படை வாசகம் ஒன்றுதான் என்பதால் விலையையும் சேவையையும் மட்டும் ஒப்பிட்டால் போதும்.

வராதவை என்னென்ன என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பக்கம். ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய அந்த மெஷினுக்கு இதில் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு உண்டு. கரன்ட் போய் ஃப்ரீசரில் கெட்ட பொருள் வராது. கடை தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும். புதுப்பிக்கும் வேலைக்காக மூடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க: கட்டடத்துக்கு உரிமையாளர் பாலிசி எடுக்க வேண்டும், உங்கள் சாமானுக்கும் நீங்கள் செய்த உள்வேலைக்கும் நீங்கள் எடுக்க வேண்டும். "பில்டிங் ஓனர் எடுத்திருக்காரு" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் அடுப்பிலிருந்து பிடித்த தீயில் கட்டடம் சேதமானால், அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அதை உங்களிடம் வசூலிக்க வரலாம். வாடகை ஒப்பந்தத்தில் தீ, வெள்ளச் சேதம் யார் பொறுப்பு என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

4. மேலே எதைச் சேர்ப்பது?

திருட்டு பாலிசி தனி. பூட்டை உடைத்தோ ஓட்டைப் பிரித்தோ பலவந்தமாக உள்ளே வந்த அடையாளம் இருக்க வேண்டும், எஃப்ஐஆர் வேண்டும். பட்டப்பகலில் கல்லாவிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடினாலோ, வேலையாளே எடுத்தாலோ இதில் வராது. வேலையாள் கையாடலுக்கு 'ஃபிடெலிட்டி கேரன்டி' என்று வேறொன்று உண்டு. நான் எடுக்கவில்லை. கல்லாவில் நானே உட்காருகிறேன்.

பணத்துக்கான பாலிசியில் ஒரு பொறி இருக்கிறது. கடை நேரத்தில் கல்லாவில் இருக்கும் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. கடை அடைத்த பிறகு பூட்டிய இரும்புப் பெட்டியில் இருந்தால்தான். இரவு மேஜை டிராயரில் விட்டுப்போன பணம் உங்கள் கணக்கு. ஒரு நாளைக்கு இருபதாயிரத்துக்கு மேல் ரொக்கம் புரளாத கடை என்றால் இதை விட்டுவிடலாம். இப்போது பாதி வியாபாரம் யுபிஐயில்தானே.

மெஷின் பழுது பாலிசியும், அதோடு சேர்ந்த சரக்குக் கெடுதல் பாலிசியும் அசைவ ஹோட்டலுக்கு அவசியம் என்பது என் கருத்து. ஃப்ரீசர் கம்ப்ரசர் ஒரு இரவில் நின்றால் போதும். ஆனால் இரண்டாவது பெரும்பாலும் முதலாவதைச் சார்ந்தே தருவார்கள். வெறும் மின்வெட்டில் கெட்டால் உண்டா, எத்தனை மணி நேரம் கழித்து என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சைவ டிபன் கடைக்கு இது தேவையில்லை. ஒரு நாள் மாவு புளித்தால் உலகம் முழுகிவிடாது.

வியாபார இழப்பு பாலிசியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு 41 நாள் கடை மூடியிருந்தது. வாடகை 28 ஆயிரம் ஓடியது, வட்டி ஓடியது. ஊருக்குப் போனால் மாஸ்டர் திரும்ப வரமாட்டார் என்பதால் பாதிச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்திருந்தேன். தீ பாலிசியில் கிளைம் ஏற்கப்பட்டால், கடை மூடியிருந்த காலத்துக்கு இந்தச் செலவுகளையும் விட்டுப்போன லாபத்தையும் தருவதுதான் இந்த பாலிசி. எத்தனை மாதத்துக்கு என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் ஆறு மாதம் எடுத்திருக்கிறேன். உங்கள் கடைக்குள் சேதம் எதுவும் இல்லாமல், தெருவில் தண்ணீர் நின்று ஆள் வராவிட்டால் இது உதவாது.

5. சாப்பிட வருகிறவர்களுக்கு

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 65-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். உணவால் ஒருவர் இறந்தால் இழப்பீடு 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. கடுமையான பாதிப்பு என்றால் 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. இதற்கு மேல் நுகர்வோர் ஆணையம் தனி. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததும், அதே கடையில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்ததும் நடந்தது. ஒரு பானைச் சாப்பாடு கெட்டால் பாதிப்பு ஒருவரோடு நிற்காது. நூறு பேர் வரிசையில் வருவார்கள்.

கேட்க வேண்டியது 'பப்ளிக் லயபிலிட்டி' பாலிசி. ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர், சூடான சாம்பார் மேலே கொட்டிய குழந்தை, இவர்களுக்கு இது போதும். உணவால் வரும் பாதிப்பு இதில் தானாக வராது. 'ஃபுட் அண்ட் பெவரேஜ்' இணைப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு வந்த மூன்று கொட்டேஷனில் இரண்டில் அது இல்லை. விலை குறைவாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

இதில் இரண்டு தொகை இருக்கும்: ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு. 10 லட்சம், 10 லட்சம் என்றால் ஒரே சம்பவத்தில் வருடக் கணக்கு தீர்ந்துவிடும். 'ரெட்ரோஆக்டிவ் தேதி' என்று ஒன்றும் இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த சம்பவங்களுக்குத்தான் பாதுகாப்பு. நிறுவனத்தை மாற்றும்போது பழைய தேதியையே தொடரச் சொல்லுங்கள். இல்லையென்றால் முன்பு நடந்து இப்போது வழக்காக வருவது நடுவில் விழுந்துவிடும்.

அதிகாரிகள் போடும் அபராதத்தை எந்த பாலிசியும் கட்டாது. தெரிந்தே சட்டத்தை மீறினாலும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டதே, அந்த மாதிரித் தடையை மீறிப் பரிமாறிவிட்டு கிளைம் கேட்க முடியாது.

6. வேலை பார்க்கிறவர்களுக்கு

பத்து பேர் ஆனால், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம். அதற்குள் வந்தவர்களுக்குத் தனி பாலிசி தேவையில்லை.

பத்துக்குள் இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். 25 வயதுப் பையன் ஒருவன் வேலையில் இறந்துவிட்டால், சட்டப்படியான இழப்பீட்டை மாதக்கூலி 15,000 என்ற உச்சவரம்பில் கணக்குப் போட்டாலே அதில் பாதி 7,500, அந்த வயதுக்கான காரணி 216.91, பெருக்கினால் 16 லட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல். இதற்குத்தான் 'எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன்' பாலிசி. பழைய ஏஜென்டுகள் 'வொர்க்மென் காம்ப்' என்பார்கள்.

பிரீமியத்தைக் குறைக்க எட்டு பேரில் ஐந்து பேரை மட்டும் காட்டுவது, 14 ஆயிரம் சம்பளத்தை 8 ஆயிரம் என்று எழுதுவது எல்லாம் நம் ஊரில் சகஜம். காட்டாத ஆளுக்குத்தான் கை வெந்து தொலையும். சம்பளப் பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள். எண்ணெய்ச் சட்டிக் காயம்தான் நம் தொழிலில் அதிகம் என்பதால், மருத்துவச் செலவு இணைப்பைக் கட்டாயம் சேருங்கள். அது அடிப்படை பாலிசியில் இருக்காது. முதலாளியான உங்களுக்கு இதில் எதுவும் கிடையாது, உங்களுக்குத் தனி விபத்து பாலிசி எடுங்கள். வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்ஷா பீமாவை எங்கள் எட்டு பேருக்கும் வங்கியில் எழுதிவைத்திருக்கிறேன். அது மேல்மிச்சம்தான், இழப்பீட்டுப் பொறுப்புக்கு மாற்று அல்ல.

7. சிலிண்டரை எண்ணுங்கள்

19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது வந்தால் 114. நூறு கிலோவுக்கு மேல் சிலிண்டரில் எரிவாயு சேமித்தால் வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பண்டிகைக்கு என்று இரண்டு கூடுதலாக வாங்கி அடுக்கிய நாளில் தீப்பிடித்தால், சர்வேயர் முதலில் எண்ணுவது அதைத்தான். அவசரத்துக்கு வீட்டு சிவப்பு சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டுவது சட்டப்படியே குற்றம், கிளைமும் போகும்.

பலருக்குத் தெரியாத நல்ல செய்தி: அரசு எண்ணெய் நிறுவனங்களின் பதிவு செய்த வாடிக்கையாளர் என்றால், எரிவாயு விபத்துக்கு அந்த நிறுவனங்கள் எடுத்த பாலிசி உண்டு. நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டாம். இறப்புக்கு ஆளுக்கு 6 லட்சம், மருத்துவத்துக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, பதிவு முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. கடையை இடம் மாற்றினால் ஏஜென்சியிலும் முகவரியை மாற்ற மறக்காதீர்கள்.

தீயணைப்பானில் அடுத்த ரீஃபில் தேதி தாண்டியிருக்கக் கூடாது. எண்ணெய்த் தீக்கு 'கே கிளாஸ்' வகை ஒன்று அடுப்படியில் வையுங்கள். புகைபோக்கிக் குழாயைச் சுத்தம் செய்த பில்லையும் கோப்பில் போடுங்கள்.

8. தயார் செய்ய வேண்டிய காகிதங்கள்

பான், ஆதார், ஜிஎஸ்டி சான்று, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், மாநகராட்சி அல்லது நகராட்சி தொழில் உரிமம், தீயணைப்புத் துறை உரிமம், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, இரண்டாம் படியில் போட்ட பட்டியல், கடையின் உள்ளும் புறமும் போட்டோ, சம்பளப் பதிவேடு, கடன் இருந்தால் வங்கியின் கடிதம்.

எல்லாக் காகிதத்திலும் கடைப் பெயரும் கதவு எண்ணும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். என் ஜிஎஸ்டி சான்றில் 14, மின் ரசீதில் 14ஏ. அதைச் சரிசெய்யவே ஒரு வாரம் ஆனது. உரிமங்கள் காலாவதி ஆகும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். உரிமம் செத்திருந்த நாளில் நடந்த விபத்துக்குப் பணம் கேட்டுப் போராட வேண்டாம்.

9. எங்கே, எவ்வளவு, எப்போது

ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள், புரோக்கர் சட்டப்படி உங்கள் ஆள். இருவருக்கும் கமிஷன் நிறுவனம்தான் தரும். பல பாலிசிகளைச் சேர்த்து எடுக்கும்போது ஐஆர்டிஏஐ உரிமம் பெற்ற புரோக்கர் நல்லது. நான் ஒரு பொதுத்துறை, இரண்டு தனியார் என்று மூன்று கொட்டேஷன் வாங்கினேன். 'ஷாப் பேக்கேஜ்' என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருவார்கள். விலை குறையும். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் தொகை என்ன என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் செலவு, எட்டு வேலையாட்கள், 22 லட்சம் சொத்து மதிப்புக்கு: தீ 3,600, திருட்டு 1,100, பணம் 700, பொதுப் பொறுப்பு உணவு இணைப்போடு 3,500, பணியாளர் 7,800, மெஷினும் சரக்குக் கெடுதலும் 3,300, வியாபார இழப்பு 1,400. மொத்தம் 21,400. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,852. ஆக 25,252 ரூபாய், மாதத்துக்கு 2,100 சொச்சம். ஊரையும் இடத்தையும் பொறுத்து உங்களுக்கு மாறும். ஹோட்டலில் 5 சதவீத ஜிஎஸ்டி வாங்குகிற நமக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது என்பதால் அந்த 3,852-உம் செலவுதான்.

மனுவிலிருந்து பாலிசி கைக்கு வர எனக்குப் 11 நாள் ஆனது. இடத்தைப் பார்க்க ஆள் வந்ததில் மூன்று நாள் போனது. பிரீமியம் போய்ச் சேர்ந்தால்தான் பாதுகாப்பு தொடங்கும். "நாளைக்குக் கட்டுங்க, நான் போட்டுடறேன்" என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. செக் திரும்பினால் பாலிசி இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும் என்பதால் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு ஓடினால் கையை விரிப்பார்கள். தீ பாலிசிக்கு, உடல்நல பாலிசி மாதிரி சலுகை நாள் என்று எதையும் நம்பாதீர்கள். கடைசி நாள் நள்ளிரவோடு முடிந்தது.

10. பாலிசி வந்ததும்

உட்கார்ந்து முதல் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்: பெயர், முகவரி, தொழில், ஒவ்வொரு இனத்தின் தொகை, இணைப்புகளின் பட்டியல். தவறு இருந்தால் அன்றே மெயில் போட்டு திருத்தப் பத்திரம் வாங்குங்கள். நடுவில் புதிதாக ஃப்ரீசர் வாங்கினாலும், மாடியையும் சேர்த்து எடுத்தாலும் இதே முறைதான்.

11. நஷ்டம் நேர்ந்தால்

துடைப்பத்தைத் தொடாதீர்கள். நாங்கள் பாதிக் கடையைக் கழுவிவிட்ட பிறகுதான் சர்வேயர் வந்தார். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தேடினார். "சார், எது வரைக்கும் நின்னுச்சு?" என்று கேட்டார். நான் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். பின்பக்க ஸ்டோர் ரூமில் மட்டும் கழுவாமல் விட்டிருந்த சுவரில் அந்தக் கோடு இருந்தது. டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டார். அந்தச் சுவர் இல்லையென்றால் என் இடுப்புதான் சாட்சி.

முதலில் வீடியோ, பிறகு கட்டணமில்லா எண்ணில் தகவல், அன்றே மெயில். கிளைம் எண் வாங்குங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறை அறிக்கை, திருட்டு என்றால் எஃப்ஐஆர். கெட்டுப்போன சாமானை சர்வேயர் பார்த்துச் சொல்லும்வரை பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அழுகும் பொருள் என்றால் எடைபோட்டு, படமெடுத்து, மெயிலில் தெரிவித்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

என் காலத்தில் நாலரை மாதம் இழுத்தது. 2024-இல் ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதிப்படி, சர்வேயரை நியமித்த 15 நாளுக்குள் சர்வே அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளுக்குள் முடிவு. தேதிகளைக் குறித்துவைத்து, தாண்டினால் விதியைச் சொல்லியே மெயில் அனுப்புங்கள். தொகையில் உடன்பாடு இல்லாமல் 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டுவிட்டேன்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ஓராண்டுக்குள், காப்பீட்டுத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தனி உரிமையாளர் கடைகளும் குறு நிறுவனங்களும் அங்கே போக முடியும், வரம்பு 50 லட்சம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். நமக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. இது எனக்குத் தெரியவந்தபோது அந்த ஓராண்டு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.